ஒரு ஆள் கூலி

செந்தூர்பாண்டி பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார். பிறகு வலக்கைச் சுட்டுவிரலை மட்டும் நீட்டிப் பாதியில் மடக்கினார். பத்து விரல் ஆயிரம். மடக்கிய விரல் ஐம்பது. தொண்டையில் வந்த புற்று அவருடைய குரலை எடுத்துக்கொண்ட ஐந்து மாதமாக, எரிந்த மோட்டாருக்குக் கம்பி கட்டும் அந்தக் கடையில் விலை இப்படித்தான் சொல்லப்பட்டது. கட்டிலில் கிடந்தபடி அவர் விரலைக் காட்டுவார். பக்கத்தில் நிற்கும் அவர் மனைவி ஆறுமுகத்தாய் அதை வாய்விட்டுச் சொல்வாள்.

எதிரே ஸ்டூலில் தில்லைநாயகம் உட்கார்ந்திருந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சேரன்மகாதேவிக்குக் கிழக்கே நான்கு ஏக்கர் வயல். தை பிறந்ததிலிருந்து கால்வாயில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள், அவருடையது கடைமடை. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் கிணற்று மோட்டார் எரிந்துபோயிருந்தது. அந்த ஐந்து எச்.பி. மோட்டார் மூடி கழற்றிய வெறுங்கூடாகச் சாக்கின்மேல் கிடந்தது. உள்ளேயிருந்து வெட்டி எடுத்த காயில் என்கிற கம்பிச் சுருள் கருகிப்போய்ப் பக்கத்தில் ஒரு தாம்பாளத்தில் குவிந்திருந்தது.

“ஆயிரத்து இருநூறு” என்றாள் ஆறுமுகத்தாய்.

தில்லைநாயகம் நிமிர்ந்தார். ஐந்து மாதத்தில் ஊரே அந்த விரல் கணக்கைப் படித்து வைத்திருந்தது.

“அவரு காட்டுனது ஆயிரத்து அம்பதுல்லா? நீ என்ன இருநூறுங்கே?”

“அவுக கணக்குல ஒரு ஆள் கூலி விட்டுப் போச்சு, சார்வாள்.”

“எந்த ஆளு?”

“காயில் கட்டுத ஆளு.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது. அப்படிச் சொல்ல வேண்டும் என்று காலையில் எழுந்தபோது அவள் நினைத்திருக்கவில்லை.

செந்தூர்பாண்டி சொல்லும் விலையில் ஒளிவு கிடையாது. ஆளை எதிரே உட்காரவைத்து மோட்டாரைத் திறப்பார். எரிந்த கம்பியை எடை போடுவார். அதே எடைக்குப் புதுச் செம்புக் கம்பி, பேப்பர், ஸ்லீவ், வார்னிஷ், இரண்டு நாள் கூலி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூட்டுவார். பழைய கம்பியை மூட்டையாகக் கட்டி உரியவரிடமே கொடுத்துவிடுவார். மற்ற கடைகளில் அது கடைக்காரருக்குப் போகும். ஒருமுறை சொன்ன விலை அதன்பிறகு ஏறாது, இறங்காது. தாசில்தாரின் மைத்துனர் வந்து கேட்டபோதும் இறங்கவில்லை.

அந்த இரண்டு நாள் கூலி அவருடையது. கம்பியின் பருமனை அளந்து சுற்று எண்ணுவது, கடைசியில் இணைப்புக் கொடுத்து ஓட்டிப் பார்ப்பது, எல்லாம் அவர். இரும்பு வளையத்தின் முப்பத்தாறு காடிப் பள்ளங்களிலும் பேப்பர் மடித்து வைத்து, கம்பியை இழை இழையாக இறக்கி, மூங்கில் சிம்பு அடித்து இறுக்குவது பன்னிரண்டு வருஷமாக ஆறுமுகத்தாய். வளையல் உரசினால் கம்பியின் மேல்பூச்சு போய்விடும் என்று அவள் கண்ணாடி வளையல் போடுவதை நிறுத்தியும் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உடன்குடியில் மகள் முத்துராணியின் பிரசவத்துக்காக அவள் மூன்று வாரம் போயிருந்தாள். அந்த மூன்று வாரமும் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவன் வந்து காயில் கட்டினான். நாள் கூலி எழுபத்தைந்து. செந்தூர்பாண்டி ஒவ்வொரு மோட்டாருக்கும் நூற்றைம்பது கூட்டித்தான் விலை சொன்னார்; விவசாயிகளும் கொடுத்தார்கள். அவள் திரும்பி வந்த மறுநாள் விலை பழையபடி இறங்கிவிட்டது. வெளியாளாக இருந்தால் கூலி உண்டு. வீட்டு ஆள் அந்தக் கணக்கில் வராது. இதில் அநியாயம் இருப்பதாகச் செந்தூர்பாண்டிக்குத் தோன்றியதே இல்லை. தோன்றியிருந்தால் அவர் விட்டிருக்க மாட்டார்.

“என்னவே பாண்டி, ஒம்ம வீட்டம்மா சொல்லுதது சரிதானா?” என்று தில்லைநாயகம் கட்டிலைப் பார்த்துக் கேட்டார்.

செந்தூர்பாண்டியின் கைகள் இன்னும் மேலேதான் இருந்தன. அவர் மனைவியைப் பார்த்தார். அவளுடைய முகத்தை அல்ல, கைகளைப் பார்த்ததுபோல இருந்தது. தலையை ஆட்டவில்லை. மறுபடி விரலை விரிக்கவும் இல்லை. இடக்கையை நெஞ்சின்மேல் வைத்தார். சற்றுக் கழித்து வலக்கையை அதன்மேல் வைத்தார்.

“யோசிச்சுச் சொல்லுதேன்” என்று தில்லைநாயகம் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அதன்பிறகு அவள் கட்டில் பக்கம் வராமல் அடுப்படியிலேயே வேலை தேடிக்கொண்டாள். மத்தியானம் கஞ்சித் தண்ணீரைக் கரண்டியில் கொடுத்தபோது அவர் இரண்டு வாய் விழுங்கினார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கரண்டியைப் பார்த்தாள். அவர் ஏதாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்க அவருக்குக் குரல் இல்லை, விரல் இருந்தது. விரலை அவர் எடுக்கவில்லை.

தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தபோது வாயோரம் வழிந்த கஞ்சி துடைக்கப்படாமல் இருந்தது. துடைத்தாள். மூச்சு இல்லை. ஒப்பந்தமான விலையும் இல்லாமல், மறுத்த விலையும் இல்லாமல், மோட்டார் சாக்கின்மேல் கிடந்தது.

* * *

அவருடைய தம்பி சங்கிலிபூதத்தான் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி உடன்குடிக்குத் தகவல் சொன்னான். கல்லிடைக்குறிச்சியிலிருந்து அப்பளம் வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கிறவன். பந்தல், நாற்காலி, சங்கு எல்லாவற்றையும் அவனே ஓடி ஏற்பாடு செய்தான். மறுநாள் காலையில் ஆற்றுக்குப் போய் அவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வந்தார்கள்.

பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் பேசியது உள்ளே அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஆறுமுகத்தாய்க்குக் கேட்டது. எல்லாரும் விலையைப் பற்றியே பேசினார்கள். ஒரு பைசா கூடுதலாக வாங்கத் தெரியாத மனுசன் என்று ஒருவர் சொன்னார். வேறொருவர், டவுனில் கேட்டதற்கும் இங்கே கொடுத்ததற்கும் இருந்த வித்தியாசத்தில் ஒரு மூட்டை உரம் வாங்கியதாகச் சொன்னார். தொண்ணூறில் கட்டிய மோட்டார் இன்னும் கை வைக்காமல் ஓடுகிறது என்று பத்தமடைக்காரர் ஒருவர் சொன்னார். அது ஏழரை எச்.பி. அதைக் கட்டிய வாரம் மூங்கில் சிம்பு ஏறி அவளுடைய கட்டைவிரல் சீழ் வைத்திருந்தது. சொல்லச் சொல்ல ஒவ்வொரு மோட்டாரும் அவளுக்கு நினைவு வந்தது. அவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவர் நியாயமான மனிதர்தான். அவளுக்கு அழுகை வந்தது. அதற்குள் பெண்கள் சடங்குக்கு எழுப்பிவிட்டார்கள்.

வளையல் உடைக்க வந்த பெரியம்மாள் அவளுடைய கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். வெறுங்கை. யாரோ ஓடிப்போய்ப் பெட்டிக்கடையில் ஒரு டஜன் பச்சை வளையல் வாங்கி வந்தார்கள். வேலை செய்து எலும்பு அகன்றிருந்த கையில் அது ஏறவில்லை. முத்துராணி சோப்புப் போட்டு ஏற்றிவிட்டாள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு போட்ட வளையல் கால் மணி நேரம் கையில் கிடந்தது.

* * *

மயானத்தில் பால் தெளிக்கும் காடாத்து முடிந்த அன்று சாயங்காலம் தில்லைநாயகம் டிராக்டரோடு வந்து வாசலில் நிறுத்தினார். கேதம் கேட்டார்.  பிறகு டவுனில் ஒரு கடையில் தொள்ளாயிரத்துக்குக் கட்டித் தருவதாகச் சொல்வதால் மோட்டாரை எடுத்துப்போக வந்ததாகச் சொன்னார்.

சங்கிலிபூதத்தானுக்கு அது வசதியாகவே இருந்தது. காயில் சுற்றும் கைமிஷினையும் சாமான்களையும் மூவாயிரத்துக்கு எடுத்துக்கொள்ள அதே டவுன் கடைக்காரர் கேட்டிருந்தார். ஆனாலும் அண்ணன் கடையிலிருந்து ஒரு மோட்டார் முடியாமல் வெளியே போவது அவனுக்குப் பொறுக்கவில்லை.

“மதினி, அண்ணன் சொன்ன ஆயிரத்து அம்பதுக்கே முடிச்சுக் குடுத்துருங்க. கடைசி வேலை. அவன் பேரு கெடப்படாது. நீங்க அன்னைக்கு வெல ஏத்திச் சொன்னத அவன் ஒத்துக்கிட்டிருக்கவே மாட்டான்.”

“ஒத்துக்கிட்டாகளோ இல்லையோ, காதால கேட்டாக” என்றாள் ஆறுமுகத்தாய்.

அவள் எழுந்து தராசை எடுத்து வந்தாள். தாம்பாளத்தில் கிடந்த கருகிய கம்பியைத் தட்டில் வைத்துத் தில்லைநாயகத்தின் எதிரே தூக்கிப் பிடித்தாள். நாலு கிலோ நூறு.

“சார்வாள், மோட்டார தாராளமாக் கொண்டு போங்க. இந்தக் கம்பியும் உங்களுதுதான், கொண்டு போங்க. அங்கன எறக்குததுக்கு முன்னால ஒண்ணு மட்டும் கேளுங்க. இதே எடைக்குச் செம்பு போடுவியான்னு கேளுங்க. போடுதேன்னா அங்கனயே கட்டுங்க. நான் கொற நெனைக்க மாட்டேன்.”

டிராக்டர் போன பிறகு சங்கிலிபூதத்தான் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். இருந்த ஒரே மோட்டாரும் போயிற்று. இனி டவுன்காரர் மூவாயிரத்தையும் குறைத்துக் கேட்பார் என்றான். முத்துராணி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். ஆறுமுகத்தாய் வாங்கிக் குடித்தாள். மோட்டார் கிடந்த சாக்கு வெறுமையாக இருந்தது. அவள் அதை உதறி மடிக்கவில்லை.

இரவு படுத்தபோது கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தாள். கம்பி எழுநூற்று நாற்பது. பேப்பர், ஸ்லீவ், வார்னிஷ் நூற்றுப் பத்து. அவர் கூலி இருநூறு. தன் கூலி நூற்றைம்பது. எங்கேயாவது தான் கூட்டிச் சொல்லியிருக்கிறோமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எங்கும் இல்லை. நாளைக்கு யாரும் வரவில்லை என்றால் மிஷின் போய்விடும். உடன்குடியில் மகள் வீட்டில் கருப்பட்டி மூட்டைகளுக்கு நடுவே ஒரு பாய் போடுவார்கள். ஆயிரத்து ஐம்பது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மோட்டார் இங்கே கிடந்திருக்கும். அதையும் யோசித்தாள். காலையில் எழுந்தபோதும் கணக்கு ஆயிரத்து இருநூறாகத்தான் இருந்தது.

மறுநாள் பதினோரு மணிக்கு டிராக்டர் சத்தம் கேட்டது. தில்லைநாயகம் இறங்கி வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“கேட்டேன். எடையெல்லாம் நீரு கேக்கப்படாதுங்கான். ஓடுதா ஓடலியான்னு மட்டும் பாரும்ங்கான். பழைய கம்பியையும் போட்டுட்டுப் போவணுமாம்.” துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “சரி, உன் கணக்குக்கே வாரேன். ரெண்டு ஆள் கூலின்னே. பாண்டி போயிட்டாரு. இப்பொ இங்கன இருக்கது ஒரு ஆளு. அவரு கூலி இருநூறக் கழி. என்ன வருது?”

“ஆயிரம்” என்றான் வாசலில் நின்ற சங்கிலிபூதத்தான். அவனையும் அறியாமல் வாயில் வந்துவிட்டது.

“ஏலே, ஒன்ன நான் கேக்கலை.” ஆனால் வாத்தியாரின் முகத்தில் சிரிப்பு இருந்தது. வகுப்பில் கரும்பலகையைவிட்டுத் திரும்பி நிற்கும்போது இப்படித்தான் இருந்திருப்பார்.

 ஆறுமுகத்தாய் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பழைய காலண்டர் தாளை எடுத்து நீட்டினாள். அதன் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது: கம்பியின் பருமன், ஒரு காடிக்கு எத்தனை சுற்று, எத்தனை காடி தாண்டிக் கம்பி போக வேண்டும். எழுத்து கோணல்மாணலாக இறங்கிப் போயிருந்தது. கடைசி வரியை எழுதும்போது பென்சில் தாளைக் கிழித்திருந்தது.

“புதன்கெழம பகல் பூரா அவுக கருகுன கம்பிய மடியில வச்சு எண்ணுனது, சார்வாள். நடுவுல ரெண்டு மட்டம் எண்ணம் விட்டுப் போய் மொதல்லேருந்து எண்ணுனாக. இது இல்லாம நான் கம்பியத் தொட முடியாது. அவுக வேலைய அவுக செஞ்சாச்சு. செஞ்ச வேலைக்குள்ள கூலி, ஆளு போயிட்டா இல்லன்னு ஆயிருமா?”

தில்லைநாயகம் தாளை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். படிக்க அதில் நாலு வரிதான் இருந்தது. நெடுநேரம் வைத்திருந்தார்.

“மிச்சம்? இணைப்புக் குடுத்து ஓட்டிப் பாக்கது?”

“அது நான். அதுக்குத் தனியா நான் கேக்கலை.”

“கேக்கலாம்லா?”

“அடுத்த மோட்டாருக்குக் கேப்பேன். இதுக்கு வெல சொல்லியாச்சு.”

வாத்தியார் தாளை மடிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தார். “கணக்கு சரிதான்” என்றார். வெளியே பார்த்து டிரைவரிடம் மோட்டாரை இறக்கச் சொன்னார். பிறகு, கதிர் நாலு நாளைக்கு மேல் தாங்காது என்றார்.

சங்கிலிபூதத்தானுக்கு விலையைவிடத் தீட்டுத்தான் பெரிதாகப் பட்டது. பதினாறு கழியாமல் கேத வீட்டில் வேலை தொடங்குவதா, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்டான்.

“கதிரு பதினாறு நாள் நிக்குமான்னு அந்த நாலு பேரயும் கேட்டுட்டு வா.”

அவன் யாரையும் கேட்கப் போகவில்லை. அவள் மிஷினைத் துடைத்து, காலண்டர் தாளைச் சுவரில் குத்தி, கம்பி உருளையை மாட்டினாள். அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து மிஷினின் கைப்பிடியைப் பிடித்தான்.

“எத்தன சுத்து மதினி?”

“நாப்பத்தெட்டு. பைய சுத்து. சத்தமா எண்ணு.” கம்பியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டே கேட்டாள்: “கூலி கேப்பியா?”

“கேக்கத்தான் செய்வேன்.”

“கேளு.”

* * *

இரண்டு நாளில் காயில் இறங்கியது. வார்னிஷ் ஊற்றி, கூட்டின் நடுவே இருநூறு வாட் பல்பைத் தொங்கவிட்டுச் சாக்கால் மூடி ஒரு நாள் காயவைத்தாள். செந்தூர்பாண்டி படுத்திருந்த கட்டிலை நகர்த்தினால்தான் அதற்கு இடம் இருந்தது. நகர்த்தினாள். வார்னிஷ் வாடை ஊதுபத்தி வாடையை அமுக்கிவிட்டது.

மோட்டாரைக் கிணற்றில் மாட்டச் செந்தூர்பாண்டிதான் போவது வழக்கம். நோயில் விழுந்த பிறகு சங்கிலிபூதத்தான் போய் வந்தான். அன்றைக்கு டிராக்டர் வந்தபோது ஆறுமுகத்தாயும் ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு ஏறினாள். யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. தெருவில் பெண்கள் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். அவள் மோட்டார் உருளாமல் இருக்க அதன் காலைப் பிடித்தபடி டிரெய்லரில் உட்கார்ந்திருந்தாள்.

மாட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இணைப்பை இரண்டு முறை சரிபார்த்தாள். சங்கிலிபூதத்தான் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தினான். ஒரு உறுமல் எழுந்து சட்டென்று சீரானது. அவள் உள்ளங்கையை மோட்டாரின்மேல் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டாள். தட்டல் இல்லை. நடுக்கம் இல்லை.

“எப்படி?” என்றார் தில்லைநாயகம்.

“வருசக்கணக்குல ஓடும்.”

அவர் மடியிலிருந்து பணத்தை எடுத்து அவளிடமே கொடுத்தார். எண்ணிப் பார்க்கச் சொன்னார். கரிசூழ்ந்தமங்கலத்திலிருக்கும் தன் தங்கை மாப்பிள்ளையின் மோட்டாரும் கொஞ்ச நாளாகச் சரியில்லை என்றும், கொண்டுவரச் சொல்லவா என்றும் கேட்டார்.

“வெல கூடுதல்னு சொல்லியே கூட்டிட்டு வாங்க.”

“ஏன்னும் சொல்லுதேன்” என்றார் வாத்தியார்.

குழாய் இரண்டு முறை காற்றைத் துப்பியது. மூன்றாம் முறை தண்ணீர் வந்து தொட்டியில் விழுந்து, வாய்க்காலில் இறங்கி, வெடித்துக் கிடந்த மண்ணைச் சத்தமில்லாமல் குடிக்கவைத்துக்கொண்டு வரப்போரமாக ஓடியது. வரப்பில் நின்ற ஆள் மண்வெட்டியால் மடையைத் திறந்தான். பன்னிரண்டு வருஷத்தில் தான் கட்டிய மோட்டார் ஒன்று வயலுக்குத் தண்ணீர் விடுவதை அவள் பார்த்ததில்லை. மோட்டார்கள் கடையிலிருந்து வண்டி ஏறிப் போகும், அதோடு சரி.

அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். முதலில் வந்த தண்ணீர் வெயிலில் கிடந்த குழாயின் சூட்டோடு காலில் பட்டது. அவள் நகராமல் நின்றாள். கொஞ்ச நேரத்தில் கிணற்றின் அடித்தண்ணீர் வந்தது. கணுக்கால் வரை குளிர்ந்தது.